சும்மா ஓடும், லோடு எடுக்காது: புல்வெட்டி வண்டியோடு மூன்று வாரம்

நேற்று வண்டி ஒன்றேகால் மணி நேரம் இடைவிடாமல் வெட்டியது. ஒரு தடவைகூடத் திணறவில்லை. மூன்று வாரமாக இதற்குத்தான் காத்திருந்தேன். மறப்பதற்குள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைத்துவிடுகிறேன். கடைசியில் பிடிபட்ட கோளாறு ஒரு சாண் நீள ரப்பர் குழாயில் இருந்தது. அதற்கு முன்னால் நான் கழற்றிப் பூட்டியவை ஏராளம்.

வண்டி ஏறி உட்கார்ந்து ஓட்டும் வகை. முன்னால் ஒற்றை சிலிண்டர், ஓவர்ஹெட் வால்வு, 17 குதிரைத் திறன் இன்ஜின். கிராங்க் ஷாஃப்ட் செங்குத்தாகக் கீழ்நோக்கி நிற்கும். பெட்ரோல் டேங்க் பின்னால், சீட்டுக்கு அடியில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரைவிடத் தாழ்வாக இருக்கிறது. அதனால் பெட்ரோல் தானாக இறங்கி வராது, ஒரு சின்ன பம்ப் இழுத்துத் தரவேண்டும். இந்த ஒரு விஷயத்தை முதல் நாளே யோசித்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

கோளாறு இப்படி இருந்தது. சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகும். ஐட்லிங் சீராக இருக்கும். முழு த்ராட்டிலில் சும்மா விட்டால் நிமிடத்துக்கு 3,300 சுற்றில் ஆடாமல் அசையாமல் நிற்கும். பிளேடைப் போட்டு உயரமான புல்லுக்குள் விட்டால் முதல் இரண்டு நிமிடம் நன்றாக வெட்டும். அப்புறம் சத்தம் தாழும், கார்புரேட்டர் பக்கம் 'டப் டப்' என்று தும்மும், சைலன்ஸரில் ஒரு வெடிச்சத்தம் வரும், இன்ஜின் அணையப் பார்க்கும். பிளேடை எடுத்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓடவிட்டால் பழையபடி தெளிந்துவிடும். திரும்பப் பிளேடு, திரும்ப இரண்டு நிமிடம்.

அந்த 'இரண்டு நிமிடம்' என்பதில்தான் முழு விடையும் இருந்தது. எனக்கு அது உறைக்கவில்லை.

முதல் வாரம் எல்லோரும் செய்வதைச் செய்தேன். ஏர் ஃபில்டர் தூசி பிடித்திருந்தது, புதிது போட்டேன். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி 0.95 மி.மீ. ஆகியிருந்தது, கையேட்டில் 0.76. புது பிளக்கை ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்து மாட்டினேன். பழைய பிளக்கின் முனை வெள்ளையாக வெளிறிப்போயிருந்ததைப் பார்த்தேன். பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் எரிவதற்கான அடையாளம் அது. குறித்தும் வைத்தேன், ஆனால் அதைத் தொடர்ந்து போகவில்லை. டேங்கிலிருந்த பழைய பெட்ரோலை முழுதாக வடித்துவிட்டுப் புதிது ஊற்றினேன். பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றினேன். வாசலிலேயே மூன்று நிமிடம் பிளேடைப் போட்டுப் பார்த்தேன். அருமையாக ஓடியது. மறுநாள் புல்லுக்குள் இறங்கியதும் அதே திணறல்.

ஒரு சோதனை மட்டும் இந்தக் கட்டத்தில் உருப்படியாகச் செய்தேன். திணறும்போது சோக்கைப் பாதி இழுத்தேன். இன்ஜின் சட்டென்று தேறியது, சில விநாடி இழுவையும் வந்தது. சோக் என்பது காற்றை அடைத்து, கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டுகிற வழி. அதனால் உதவி கிடைக்கிறது என்றால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். பற்றவைக்கும் பொறியிலோ வால்விலோ கோளாறு இருந்தால் சோக்கை இழுத்துத் தேறியிருக்காது. இதற்குச் செலவே இல்லை. லோடில் திணறும் எந்த பெட்ரோல் இன்ஜினிலும் முதலில் இதைத்தான் செய்துபார்க்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

பெட்ரோல் போதவில்லை என்றதும் மனம் நேராகக் கார்புரேட்டருக்குப் போனது. அதில் தப்பில்லை, பெரும்பாலும் அங்கேதான் அடைத்திருக்கும். இரண்டாம் வாரத்தின் முதல் ஞாயிறு முழுக்க அதிலேயே போயிற்று. இன்ஜின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரின் ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்று கழற்றும் முன்பே மூன்று கோணத்தில் போட்டோ எடுத்தேன். அது பின்னால் மிக உதவியது. பெட்ரோல் தேங்கி நிற்கும் அடிக்கிண்ணத்தைத் திறந்தால் ஓரத்தில் வெள்ளைப் பொடி, நடுவில் இரண்டு நீர்த்துளி. பெட்ரோலை அளவாக விடும் மெயின் ஜெட்டின் ஓட்டையில் வெளிச்சம் தெரிந்தது, ஆனால் வட்டமாக இல்லை, ஒரு பக்கம் பச்சைநிறப் படலம் ஒட்டியிருந்தது. மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்புக் கம்பியால் சுரண்டி எடுத்தேன். இரும்புக் கம்பியைக் கொண்டு போகக்கூடாது. ஜெட் பித்தளை, ஓட்டை கொஞ்சம் பெரிதானாலும் அளவு கெட்டுவிடும். எல்லாத் துளைகளிலும் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, காற்று ஊதினேன். கிண்ணத்தின் ரப்பர் வளையம் கிளீனர் பட்டு ஊதிப்போய்ப் பள்ளத்தில் உட்கார மறுத்தது. அதைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு ஸ்ப்ரே அடித்திருக்க வேண்டும். புது வளையம் வரும்வரை நான்கு நாள் வண்டி அப்படியே நின்றது.

பூட்டி ஓட்டினேன். நன்றாக இருந்தது. உண்மையிலேயே முன்னைவிட நன்றாகத்தான் இருந்தது. இரண்டு நிமிடத்துக்குப் பதில் மூன்றரை நிமிடம் வெட்டியது. அப்புறம் அதே தும்மல்.

இங்கேதான் பாதை மாறிப் போனேன். பெட்ரோல் வழி முழுவதையும் சுத்தம் செய்தாயிற்று, இனி கோளாறு இன்ஜினுக்குள்தான் என்று முடிவு கட்டினேன். சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜை மாட்டி ஸ்டார்ட்டரைச் சுற்றினால் 75 பிஎஸ்ஐ மட்டுமே காட்டியது. நெஞ்சு பகீரென்றது. பிஸ்டன் ரிங் போய்விட்டது, ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று இரவெல்லாம் கணக்குப் போட்டேன். ஹெட்டைக் கழற்ற ஸ்பேனரை எடுத்த பிறகுதான் கையேட்டில் அந்த வரியைப் படித்தேன். இந்த இன்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டில் கம்ப்ரஷனைக் குறைக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஸ்டார்ட் செய்யும் வேகத்தில் அது ஒரு வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக் காற்றை வெளியே விடும், ஸ்டார்ட்டர் எளிதாகச் சுற்றுவதற்காக. வேகம் ஏறியதும் விலகிக்கொள்ளும். ஆகவே ஸ்டார்ட்டர் வேகத்தில் கேஜ் காட்டும் எண்ணை வைத்து இப்படிப்பட்ட இன்ஜினை எடைபோட முடியாது. சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து, எவ்வளவு கசிகிறது, எந்த வழியாகக் கசிகிறது என்று பார்ப்பதுதான் முறை. ஹெட்டைத் தொடாமல் ஸ்பேனரைத் திரும்ப வைத்தேன்.

வால்வு மூடியைத் திறந்தது வீண்போகவில்லை. பிஸ்டன் உச்சியைத் தாண்டி 6 மி.மீ. இறங்கிய நிலையில் வால்வு இடைவெளியை அளந்தேன். அந்த நிலையில்தான் மேற்சொன்ன ஏற்பாடு வால்வைத் தொடாமல் இருக்கும். இன்டேக் 0.12 மி.மீ., சரி. எக்ஸாஸ்ட் 0.23, இருக்கவேண்டியது 0.13 முதல் 0.18 வரை. 0.15க்குக் கொண்டுவந்தேன். ஸ்டார்ட்டர் கொஞ்சம் இலகுவாகச் சுற்றியது. லோடில் ஒரு மாற்றமும் இல்லை.

மூன்றாம் வாரம் ஒரு முடிவெடுத்தேன். இனி எதையும் மாற்றுவதில்லை, அளப்பது மட்டும்தான். அதுவும் நிற்கும்போது அல்ல, திணறுகிற அந்த நேரத்தில்.

முதலில் வேகம். பிளக் வயரில் சுற்றிக்கொள்ளும் சின்ன டாக்கோமீட்டர் வாங்கினேன். சும்மா ஓடும்போதே 6,600 காட்டியது. அது நான் செட்டிங்கைத் தவறாக வைத்ததால். இது நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்தான். ஆனால் பொறி ஃப்ளைவீல் காந்தத்திலிருந்து வருவதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பொறி அடிக்கும், இரண்டு சுற்றுக்கு ஒன்று அல்ல. செட்டிங்கை மாற்றியதும் 3,300க்கு வந்தது.

அடுத்தது கவர்னர். லோடு ஏறும்போது கவர்னர் த்ராட்டிலைத் திறக்கிறதா, அல்லது அதன் கை எங்காவது சிக்கிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். வெட்டிக்கொண்டே குனிந்து பார்ப்பது ஆபத்து. சீட்டிலிருந்து எழுந்தாலும் பாதுகாப்பு ஸ்விட்ச் இன்ஜினை அணைத்துவிடும். அதனால் பானெட்டைக் கழற்றிவிட்டு, போனை கார்புரேட்டர் பக்கம் பார்த்தபடி இறுகக் கட்டி வீடியோ எடுத்தேன். வீடியோவில் தெளிவாகத் தெரிந்தது: வேகம் குறையக் குறையக் கவர்னர் கை த்ராட்டிலை முழுக்கத் திறந்துவிடுகிறது. வாய் முழுதாகத் திறந்திருக்கிறது, உள்ளே போகத்தான் ஒன்றும் இல்லை.

மூன்றாவது சோதனைதான் கோளாறின் இடத்தைக் காட்டியது. உயரமான புல்லில் ஓட்டி, திணறிய அந்தக் கணமே சாவியை அணைத்தேன். இன்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருந்துவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியிலிருக்கும் வடிகால் திருகைத் திறந்து, உள்ளே மிச்சமிருந்த பெட்ரோலை அளவுக்குடுவையில் பிடித்தேன். 12 மி.லி. வந்தது. அப்புறம் வண்டியைச் சும்மா ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, அதே மாதிரி ஆறவிட்டுப் பிடித்தேன். 55 மி.லி.

கையில் இரண்டு குடுவைகளையும் வைத்துக்கொண்டு நின்றது நன்றாக நினைவிருக்கிறது. கார்புரேட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அதற்கு வந்து சேரவேண்டிய பெட்ரோல்தான் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்றை மாற்றிவிட்டு நிரம்பிய கிண்ணத்தோடு சோதித்திருக்கிறேன். அந்த 55 மி.லி. தீரும்வரை வண்டி நன்றாக ஓடியிருக்கிறது. நான் சரியாகிவிட்டது என்று நம்பியிருக்கிறேன். இந்த அளவு இன்ஜின் முழு லோடில் மணிக்குச் சுமார் 4 முதல் 5 லிட்டர் குடிக்கும், அதாவது நிமிடத்துக்கு 70, 80 மி.லி. சும்மா ஓடும்போது அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. பம்ப் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு அளவு கொடுத்துக்கொண்டிருந்தால், சும்மா ஓடும்போது எந்தக் குறையும் தெரியாது.

உறுதிப்படுத்திக்கொள்ள பம்ப்பை விலக்கிப் பார்த்தேன். குழாயும் வால்வும் உள்ள பழைய சின்ன பெட்ரோல் டேங்க் ஒன்றை, சைலன்ஸரிலிருந்து தள்ளி, கார்புரேட்டரைவிட ஒரு முழம் உயரத்தில் ஸ்டீயரிங் தண்டில் அசையாமல் கட்டி, அதிலிருந்து நேராகக் கார்புரேட்டருக்குக் கொடுத்தேன். தண்ணீர் பாட்டிலை வைத்து யாரும் இதைச் செய்ய வேண்டாம். சூடான இன்ஜினுக்கு மேலே பெட்ரோல் சிந்தினால் விளைவு மிக மோசமாக இருக்கும். அந்த டேங்க்கிலிருந்த முக்கால் லிட்டரும் தீரும்வரை வண்டி சிங்கம்போல் வெட்டியது.

சரி, பம்ப்தான். இந்த பம்ப்புக்கு மின்சாரம் கிடையாது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் ஏறி இறங்குகிறது. அந்தத் துடிப்பை ஒரு ரப்பர் குழாய் பம்ப்புக்குக் கொண்டுபோகும். பம்ப்புக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு அந்தத் துடிப்புக்கு ஆடி பெட்ரோலைத் தள்ளும். சவ்வு கிழிந்தால் அந்தக் குழாய் வழியாகப் பெட்ரோல் கிராங்க் கேஸுக்குள் போய் ஆயிலில் கலக்கவும் கூடும். ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தேன். பெட்ரோல் வாடை இல்லை, ஆயில் மட்டமும் ஏறவில்லை.

பம்ப் எவ்வளவு கொடுக்கிறது என்று அளந்தேன். இன்ஜின் ஆறியிருக்கும்போது, பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, நீளமான குழாய் ஒன்றை மாட்டித் தள்ளியிருந்த குடுவைக்குள் விட்டேன். கிண்ணத்திலிருக்கும் பெட்ரோலிலேயே இன்ஜின் 30 விநாடி ஓடும். தம்பி சீட்டில் உட்கார்ந்து நேரம் பார்த்தான், நான் குடுவையைப் பார்த்தேன். 22 மி.லி. அப்படியென்றால் நிமிடத்துக்கு 44. கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது.

புது பம்ப் வாங்கி மாட்டினேன். 30 விநாடிக்கு 24 மி.லி.!

அன்று மாலை எனக்கு நிஜமாகவே அலுத்துப்போனது. குடுவையைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். மறுநாள் காலை வெளிச்சத்தில் டார்ச்சோடு உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது: துடிப்புக் குழாய் கிராங்க் கேஸில் சேரும் இடத்தைச் சுற்றி, ஆயிலில் ஊறிய கறுப்பு அழுக்கு ஒரு கையகலத்துக்குப் படிந்திருக்கிறது. வேறெங்கும் இல்லை. கிளாம்ப்பைத் தளர்த்திக் குழாயை வளைத்தேன். மேல்பக்கம் பார்க்க நன்றாக இருந்தது. அடிப்பக்கம், கிளாம்ப்புக்கு ஒட்டி, நீளவாக்கில் ஒரு விரற்கடை அளவுக்குப் பிளந்திருந்தது. துடிப்பின் பெரும்பகுதி அந்தப் பிளவு வழியாகவே வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. பம்ப்பை மாற்றியபோது இந்தக் குழாயின் மறுமுனையைக் கையால் பிடித்துக் கழற்றி, திரும்ப மாட்டியவன் நான்தான். இந்த முனையைப் பார்க்கவே இல்லை.

புதுக் குழாய்: 6 மி.மீ. உள்விட்டம், 20 செ.மீ. நீளம், பெட்ரோலும் ஆயிலும் தாங்கும் தடித்த சுவருள்ள ரப்பர். மெல்லிய குழாய் போட்டால் அதுவே துடிப்புக்கு உப்பிச் சுருங்கி, பம்ப்புக்குப் போகவேண்டியதைத் தின்றுவிடும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் கொஞ்ச நாளில் விறைத்து விரிசல் விடும். பழையதைவிட நீளமாகவும் விடவில்லை. அளந்தேன்: 30 விநாடிக்கு 160 மி.லி. பழைய பம்ப்பைத் திரும்ப மாட்டியும் பார்த்தேன், 150. ஆக, பழைய பம்ப்பில் ஒரு குறையும் இல்லை. அதையே வண்டியில் விட்டுவிட்டு, புதியதை உறையில் போட்டு வைத்திருக்கிறேன். செலவில் பெரியது அந்த பம்ப். கோளாறைத் தீர்த்த குழாய் வாங்கியதிலேயே மிக மலிவானது.

திணறல் போய்விட்டது. தும்மல் இல்லை, வெடிச்சத்தம் இல்லை. ஆனால் டாக்கோமீட்டர் இன்னும் வண்டியிலேயே இருந்ததால் இன்னொன்றும் தெரிந்தது: அடர்ந்த புல்லில் வேகம் 3,300லிருந்து 2,600க்கு இறங்கியது. மீட்டர் இல்லாவிட்டால் இதை விட்டிருப்பேன். இன்ஜின் தன்னால் முடிந்ததைக் கொடுக்கிறது. அப்படியானால் அதைக் கேட்கும் பக்கம், அதாவது பிளேடு பக்கம், ஏதோ அதிகமாகக் கேட்கிறது. பிளக் வயரைக் கழற்றிவிட்டு, பிளேடுகளை மூடியிருக்கும் கூடான டெக்கை வண்டியிலிருந்து இறக்கி, பெல்ட்டை எடுத்துவிட்டு, இரண்டு பிளேடு தண்டுகளையும் கையால் சுழற்றினேன். வலதுபக்கம் நான்கைந்து சுற்று சுற்றி நின்றது. இடதுபக்கம் அரைச் சுற்று, அதுவும் மணலை அரைக்கிற சத்தத்தோடு.

இதற்குக் காரணம் என் பழக்கம்தான். ஒவ்வொரு முறை வெட்டி முடித்ததும் டெக்கின் மேலே வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவேன். அந்த நீர் பேரிங்குக்குள் போய் கிரீஸைக் கரைத்து, துருவை வளர்த்திருக்கிறது. தண்டுக்கு இரண்டு பேரிங், 6204: உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, தடிமன் 14 மி.மீ. இருபக்கமும் ரப்பர் மூடி உள்ளதாக வாங்கி மாற்றினேன். பழையதைத் தட்டி எடுக்கப் பித்தளைக் கட்டை. புதியதை உள்ளே இறக்க, வெளிவளையத்தில் மட்டும் உட்காரும் அளவுள்ள ஒரு பழைய சாக்கெட். உள்வளையத்தில் அடித்தால் மாட்டும்போதே பேரிங் கெட்டுவிடும். கூடவே டெக்கின் அடியில் கல்லாக இறுகியிருந்த புல்லை மரக்கரண்டி போன்ற ஒரு பலகையால் சுரண்டினேன். தட்டில் போட்டு நிறுத்தால் 3 கிலோ. பிளேடுகளைத் தீட்டி, நடுத்துளையை ஒரு ஆணியில் மாட்டி, எந்தப் பக்கமும் சாயாதபடி சமன் பார்த்துப் பூட்டினேன்.

அதே புல், அதே கியர்: 2,950.

அடுத்த முறை இப்படிப்பட்ட கோளாறு வந்தால் வரிசையை மாற்றுவேன். முதலில் சோக். அது உதவினால் உடனே, எதையும் கழற்றுமுன், திணறிய கணத்தில் கிண்ணத்தை வடித்து அளவு பார்ப்பேன். கிண்ணம் நிறைந்திருந்தால் அடைப்பு கார்புரேட்டருக்குள். காலியாக இருந்தால் அதற்கு முன்னால், அதாவது டேங்க் மூடியின் காற்றுத் துளை, ஃபில்டர், குழாய், பம்ப், துடிப்புக் குழாய் என்று வரிசையாகப் போகலாம். டேங்க் மூடியை நான் மூன்றாம் வாரம்தான் நினைத்தேன். அது நல்லவேளை திறந்தே இருந்தது. அடைத்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே அறிகுறிதான் வந்திருக்கும். சோதனை ஓட்டம் எதுவும் பத்து நிமிடத்துக்குக் குறைய இருக்காது. பெல்ட்டை எடுத்துவிட்டு தண்டுகளைக் கையால் சுழற்றிப் பார்ப்பது கால் மணி நேர வேலை. அதை இரண்டாம் நாளே செய்துவிடுவேன்.

டெக்கை இப்போது தண்ணீரில் கழுவுவதில்லை. வெட்டி முடித்து இன்ஜின் ஆறியதும் பலகையால் சுரண்டி, மேலே பிரஷ்ஷால் தட்டிவிடுகிறேன். பிளந்த குழாயைத் தூக்கிப் போடவில்லை. அதை வளைத்துப் பிளவு வெளியே தெரியும்படி ஒரு கம்பியில் கட்டி, டூல் பாக்ஸின் மூடிக்குள் மாட்டி வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு சீட்டில் இரண்டு எண்கள்: 22, 160. பெல்ட்டின் உள்விளிம்பில் மெல்லிய விரிசல்கள் தெரிகின்றன. இந்தப் பருவம் தாங்கும் என்று நினைக்கிறேன். டெக்கை மறுபடி இறக்கும்போது அதையும் மாற்ற வேண்டும்.